இரண்டு கழுத்தும் ஒரு தாலியும்

மயிலம்மாவுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. கொட்டாஞ்சேனையில் இரண்டு வீடு தள்ளி இருப்பவள் சந்தையில் எதிரே வந்தாலும் ஒரு கணம் திகைத்துவிட்டுத்தான் சிரிப்பாள். ஆனால் ஒரு கழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் சாகும்வரை மறக்கமாட்டாள். அவளுடைய தொழில் அப்படி. கொழும்புத் துறைமுகத்துப் பயணிகள் ஜெட்டியில், சுங்க இலாகாவின் பெண் சோதனைக்காரிகள் மூவரில் அவள் ஒருத்தி. கிழக்கே போகும் கப்பல்களில் பெண்களின் உடம்போடு அபின் போகிறது என்று எப்போதோ ஒரு துரைக்குச் சந்தேகம் வந்ததன் பயனாக உண்டான உத்தியோகம் அது.

ஒரு பச்சைத் திரை, அதற்குப் பின்னால் உட்கார ஒரு வாங்கு, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. பயணம் போகும் பெண்கள் ஒவ்வொருவராகத் திரைக்குள் வருவார்கள். மயிலம்மா கொண்டையைத் தடவுவாள், முந்தானையை உதறுவாள், கழுத்துச் சங்கிலியின் கீழே இரண்டு விரலை விட்டு ஓட்டுவாள். அபின் உருண்டைகளை நூலில் கோத்துச் சங்கிலியோடு தொங்கவிடுவது அப்போதைய வழக்கம். ஆண்களைச் சோதிப்பது மறுபக்கத்தில், ஆண்களின் வேலை. அங்கே யார் வருகிறார்கள், போகிறார்கள் என்பது மயிலம்மாவுக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை கொழும்பிலிருந்து உலகத்துக்குப் போனதெல்லாம் கழுத்துகள்தாம்.

அவள் புருஷன் துறைமுகத்தில் பாரந்தூக்கியின் கீழ் அகப்பட்டு ஒரு காலைப் பறிகொடுத்தவன். அதற்கு ஈடாகக் கிடைத்ததுதான் இந்த வேலை. வெள்ளைச் சேலையில் குத்திக்கொள்ளும் பித்தளை வில்லையை அவள் ஞாயிறுதோறும் புளி போட்டுத் துலக்குவாள். அதில் ‘3’ என்ற இலக்கம் இருந்தது. கவர்னர் துரையின் மார்பில் தொங்குகிற பதக்கங்கள்கூட அப்படி மின்னியிருக்காது. அக்கம்பக்கத்தில் சிலர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! சொந்தக் கையால் உழைத்துச் சம்பாதித்த மினுக்கம் அது.

1938ஆம் ஆண்டு, தைப்பொங்கல் கழிந்து பத்து நாள். பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும் கப்பல் மாலை நான்கு மணிக்குப் புறப்பட இருந்தது. காலை பத்து மணியளவில் திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். பதினேழு வயதிருக்கும். புதுச் சேலை இன்னும் கஞ்சி விறைப்போடு மடிப்புக் கலையாமல் நின்றது.

“பயப்படாதம்மா. இந்தப் பக்கம் திரும்பு,” என்றாள் மயிலம்மா.

கொண்டை, முந்தானை எல்லாம் பார்த்தாயிற்று. கழுத்துக் கயிற்றின் கீழே இரண்டு விரலை விட்டாள். விரல் தாலியின் ஓரத்தில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டது.

தாலியின் இடது விளிம்பில் அரிசி மணியளவு ஒரு வெட்டு இருந்தது. அடகுக்கடைக்காரன் பொன்னைச் சோதிக்க அரத்தால் ராவிய வடு அது. தாலிக்கு ஒரு பக்கம் இரண்டு பவளம். மறுபக்கம் ஒரு பவளமும், பவளம் போலவே தோற்றம் காட்டும் ஒரு சிவப்புக் கண்ணாடி மணியும்.

இந்தத் தாலியை மயிலம்மா ஏற்கெனவே தொட்டிருந்தாள். தொட்டது வேறு கழுத்தில்.

போன ஆடி மாதம், ஆடிவேல் திருவிழாத் தேர் வெள்ளவத்தைக்குப் போன மறுநாள் அது. அன்று வந்த பெண் இவளைவிடக் கறுப்பு. இடது காறை எலும்புக்குக் கீழே தேள் ஒன்று பச்சை குத்தியிருந்தாள். அன்றும் இதே வெட்டு விரலில் பட்டது. அடகில் மூழ்கிய தாலியை மலிவாக வாங்கிக் கட்டியிருக்கிறான் பாவி என்று மனம் ஒரு கணம் உறுத்தியது. ஏழைகள், போகட்டும் என்று விட்டுவிட்டாள். அந்தப் பெண்ணின் கை மட்டும் ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது. “அக்கா, பினாங்குக்கு எத்தனை நாளு?” என்று கேட்டாள். மயிலம்மா சிரித்துக்கொண்டு, “அஞ்சே நாள். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிருவே,” என்றாள்.

ஒரு கழுத்தில் ஏறிய தாலி, புருஷன் உயிரோடு இருக்கும்வரை இன்னொரு கழுத்தில் ஏறுமா? எந்தச் சாதியில், எந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம் உண்டு?

“உன் பேரென்னம்மா?”

“வெள்ளைத்தாய்.”

“கலியாணமாகி எத்தனை நாளாச்சு?”

“பொங்கல் கழிஞ்ச மூணாம் நாளுக்கா.”

“இங்கேயே உக்காரு. அசையாதே,” என்று சொல்லிவிட்டு மயிலம்மா வெளியே வந்தாள்.

ஜெட்டிப் பொறுப்பதிகாரி கிளறன்ஸ் ஐயா. கொழும்புச் செட்டி வம்சம், காலையும் மாலையும் செபமாலை, நடுவில் சட்டப் புத்தகம். நல்ல மனிதர். ஆனால் அச்சடிக்காத எதையும் நம்பமாட்டார். மயிலம்மா மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மயிலம்மா, அபின் பிடிபட்டா ஆளைப் பிடிக்கலாம். தாலி பிடிபட்டுது எண்டு நான் யாரைப் பிடிக்கிறது? பிழையா நிப்பாட்டினா கப்பல் கொம்பனிக்காரன் எங்கட ரெண்டு பேரின்ட தலையிலயும் மிளகாய் அரைப்பான். உன்ட வில்லையும் போயிரும், யோசிச்சுக்கொள்.”

“போனாப் போவட்டுங்க ஐயா. முதல்ல அவ புருசன்னு வந்தவனைக் கூப்பிடுங்க.”

சொல்லிவிட்டாளே தவிர, கை தானாகவே வில்லையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. ஒற்றைக்காலன் புருஷனும் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்த வட்டப் பித்தளையில்தான் சோறு தின்றார்கள்.

அந்த ஆள் வந்தான். மாணிக்கவேலு என்று பெயர். சரிகைக்கரை வேட்டி, அல்பாகா கோட்டு, நெற்றியில் சந்தனம். பினாங்கில் மளிகைக் கடை என்று சொன்னான். விஷயத்தைக் கேட்டுச் சிரியோ சிரியென்று சிரித்தான்.

“அதே தாலிதாங்க. இல்லேன்னு யாரு சொன்னா? அதே பொஞ்சாதி, அதே தாலி! ஆடியில போனோம். அவ ஆத்தாளுக்கு மேலுக்கு முடியலேன்னு கார்த்திகையில நாகப்பட்டினம் வழியாத் திரும்புனோம். இப்ப மறுபடி போறோம். பொஞ்சாதிக்கு ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு தாலி செஞ்சு போடணும்னு கொழும்புல சட்டமிருக்கா?”

கிளறன்ஸ் ஐயாவுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. மயிலம்மாவுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. பொய்யனுக்கு மறதி கூடாது என்பார்கள். இவனுக்கு மறதியே இல்லை, அதுதான் ஆபத்து. ஆடி மாதத்துப் பயணிகள் பெயர் ஜாபிதாவிலும் ‘மாணிக்கவேலு, மனைவி’ என்றுதான் இருக்கும். மனைவிக்குத் தனியாகப் பெயர் எழுதும் வழக்கம் கப்பல்காரர்களுக்குக் கிடையாது. அவர்கள் கணக்கில் பெட்டி படுக்கையோடு சேர்ந்தவள்தானே அவள்!

“ஐயா, உள்ள வாங்க, ஒரு சொல்லுச் சொல்லணும்,” என்று மயிலம்மா அதிகாரியை அவர் அறைக்குள் தனியே அழைத்தாள். “அன்னிக்கு வந்தவளுக்கு இந்த இடத்துல தேள் பச்சை குத்தியிருந்துச்சு. இவளுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. பச்சை குத்தினது என்ன சவுக்காரம் போட்டாப் போயிருமா?”

மேசையின் மூலையில் பயணிகள் ஜாபிதாவைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த இளைஞனின் பேனா அப்போது நின்றது. அவன் பெயர் சிவானந்தன். வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கோட்டையில் பொலிஸ் தலைமை அலுவலகத்தில் கிளார்க். கிழக்குக் கப்பல் புறப்படும் நாளெல்லாம் ஜெட்டிக்கு வந்து பெயர்களைப் படியெடுத்துப் போவது அவன் வேலை. பெண்களை விற்கும் கும்பல்களைப் பிடிக்க ஜெனீவாவில் நாடுகளெல்லாம் கூடிப் பேசியதன் விளைவாக, துறைமுகத்துக்குத் துறைமுகம் ஓர் அலுவலகம் ஏற்பட்டிருந்தது. லண்டனைச் சுற்றாமல் ஒருவருக்கொருவர் நேரே எழுதிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. கொழும்பில் அந்த உலகப் பெரிய காரியத்தின் முழு உருவமும் ஒரு துரை, ஓர் இரும்பு அலுமாரி, இந்தச் சிவானந்தன்.

“தேளோ?” என்றான் சிவானந்தன். “இடப் பக்கமோ, வலப் பக்கமோ? வடிவாப் பாத்தனீங்களோ அக்கா?”

“இடப்பக்கம். வாலு மேல பாத்தாப்பல.”

சிவானந்தன் எழுந்து ஆண்கள் பக்கத்துச் சுவருக்கு ஓடினான். அங்கே கடிகாரத்தின் கீழே அறிவிப்புப் பலகை. அதில் மூன்று வாரமாகக் குத்தியிருந்த ஆங்கிலத் தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்து வாசித்துத் தமிழில் சொன்னான். பினாங்குப் பெண்கள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். கார்த்திகை மாதம் ஒரு வீட்டின் பின்சுவரேறிக் குதித்து ஓடிவந்த தமிழ்ப் பெண் தங்கள் பராமரிப்பில் இருக்கிறாள். பேர் பேச்சாயி. கொழும்பில் கப்பலேறியதாகச் சொல்கிறாள். புருஷன் என்று வந்தவன் பேர் சண்முகம் என்கிறாள். அப்படி ஒருவன் எந்த ஜாபிதாவிலும் இல்லை. அடையாளம், இடது காறை எலும்பின் கீழ்த் தேள் பச்சை. கொழும்பில் யாராவது இவளைப் பார்த்ததுண்டா? அடியில், மொழிபெயர்ப்பாளர் ஹப்ஸா என்று இருந்தது.

“மூண்டு கிழமையா இஞ்ச தொங்குது,” என்றான் சிவானந்தன். முகம் சிவந்துவிட்டது. “நான்தான் டைப் பண்ணி அனுப்பினனான். உங்களை ஒருத்தரும் கேக்கேல்லையோ?”

“எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. அது ஆம்பிளைங்க பக்கத்துப் பலகை.”

அதைக் கேட்டுக் கிளறன்ஸ் ஐயா இருமினார். ஏழு கடல் கடந்து ஒரு பெண்ணின் கழுத்து அடையாளத்தைக் கேட்டு எழுதுகிறார்கள். இங்கே அதைக் கோட்டு மடிப்பைச் சோதிக்கிறவர்களுக்கு முன்னால் மாட்டி வைத்துவிட்டு, கழுத்தைப் பார்க்கிறவளைத் திரைக்குப் பின்னால் நிற்க விட்டிருக்கிறார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான்.

“சரி, அங்க ஒரு பெட்டை இருக்கிறது மெய்தான்,” என்றார் கிளறன்ஸ் ஐயா கடைசியில். “ஆனா அவ சொல்ற பேர் சண்முகம். இவன் மாணிக்கவேலு. ரெண்டையும் முடிச்சுப் போடுறதுக்கு என்ன இருக்கு? மயிலம்மாவின்ட விரல் மட்டுந்தானே?”

“அப்ப அந்தத் தாலியையே கேப்பம்,” என்றான் சிவானந்தன். “அவசரத் தந்தி அடிக்கிறன். ‘கட்டின தாலி எப்பிடி இருந்தது, இப்ப எங்க, எண்டு பேச்சாயியைக் கேளுங்கோ. நீங்கள் ஒண்டும் எடுத்துக் குடுக்காதேங்கோ.’ நாங்கள் அடையாளத்தை எழுதமாட்டம். அவ தன்ர வாயாலயே சொல்லட்டும். சொன்னா இவன் தப்பேலாது.”

“நாலு மணிக்குக் கப்பல், தம்பி.”

“தெரியும் ஐயா.” அவன் தொப்பியைக்கூட எடுக்காமல் தந்தி அலுவலகத்துக்கு ஓடினான்.

மாணிக்கவேலுவை மரியாதையாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சோடா வாங்கிக் குடித்தான். கடிகாரத்தைப் பார்த்தான். தனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களின் பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கிளறன்ஸ் ஐயாவின் நெற்றியில் ஒவ்வொரு பேருக்கும் ஒரு முத்து வியர்வை அரும்பியது.

திரைக்குள்ளே நிலைமை இன்னும் மோசம். வெள்ளைத்தாய் அழுதுகொண்டிருந்தாள்.

“ஏன்க்கா என்னைய உக்கார வச்சிருக்கீக? நான் ஒண்ணும் எடுக்கலயே! அவுக கோவிச்சுக்கிட்டு என்னைய விட்டுட்டுப் போயிட்டாகன்னா நான் என்ன செய்வேன்? எங்க ஐயா கடன் பட்டுக் கலியாணத்துக்குச் சோறு போட்டாக. ஊருல என்ன சொல்லுவாக?”

மயிலம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன சொல்வது? ஆடியில் ஒருத்தியைக் கேள்வி கேட்காமல் அனுப்பினோம், அது குற்றம். தையில் ஒருத்தியை நிறுத்தி வைத்திருக்கிறோம். அவன் சொல்வது நிஜமாக இருந்து, ஒரு ஏழைப் பெண்ணின் வாழ்க்கை நம் விரல் தடவலால் முறிந்துபோனால் அது எந்தக் கங்கையில் கழியும்? வெட்டு ஒன்றுபோல இன்னொன்று இருக்கக் கூடாதா? அடகுக்கடைகளுக்கா பஞ்சம்? அவளுக்கே தன் விரல்மேல் சந்தேகம் வந்தது. பன்னிரண்டு வருஷத்து உத்தியோகத்தில் அதுதான் முதல் தடவை.

“மதியம் சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினாள் பெண். மயிலம்மா தன் தூக்குச்சட்டியைத் திறந்தாள். சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும் இருந்தன. இருவரும் ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது பெண் கொஞ்சம் பேசினாள். புருஷன் ஊருக்கு வந்தது இரண்டே முறை. கோயிலில் வைத்து ஐந்து நிமிஷத்தில் தாலி கட்டியாயிற்று. அவன் பக்கத்துச் சனம் என்று யாரும் வரவில்லை. பினாங்கில் பெரிய வீடு, வேலைக்காரர்கள் உண்டு என்றான். கப்பலில் யாராவது கேட்டால் கலியாணமாகி ஒரு வருஷம் என்று சொல்லச் சொல்லியிருந்தான்.

“நீ எங்கிட்டப் பொங்கல் கழிஞ்ச மூணாம் நாளுன்னு சொன்னியே?”

“கப்பல்ல கேட்டாத்தானேக்கா அப்படிச் சொல்லணும்? இது இன்னும் கப்பலில்லையே.”

மயிலம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இப்படிப்பட்ட வெள்ளை மனசைத்தான் இவன்கள் தேடித் தேடிப் பிடிக்கிறார்கள்.

இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை. கப்பலுக்கு ஆள் ஏற்றும் படகுகள் போய் வந்துகொண்டிருந்தன. மூன்று மணிக்குக் கிளறன்ஸ் ஐயா திரைக்கு வெளியே வந்து நின்றார்.

“மயிலம்மா, கடைசிப் படகு மூண்டரைக்கு. அதுக்கு மேல என்னால ஏலாது.”

“அதுவரைக்கும் ஏலும்தானுங்களே ஐயா? அது போதும்.”

மூன்றே காலுக்குச் சிவானந்தன் வந்தான். கோட்டையிலிருந்து வெயிலில் ஓடி வந்தவன் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கையில் தந்தி. மாணிக்கவேலுவுக்கு முன்னாலேயே அதைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னான்.

“பேச்சாயி சொல்கிறாள். தாலியின் இடது ஓரத்தில் சிறு வெட்டு. வலப்பக்கம் இரண்டு பவளம். இடப்பக்கம் ஒரு பவளம், ஒரு சிவப்புக் கண்ணாடி மணி. கப்பல் பினாங்கு சேருவதற்கு முதல்நாள் புருஷன் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டான். புதுத் தாலி செய்யப் பழைய பொன் வேண்டும் என்றான். அதன்பின் அவள் அதைக் காணவில்லை. ஆளின் வலக்காதில் துளை கிழிந்திருக்கும். தயவுசெய்து அவனை விடவேண்டாம். ஹப்ஸா.”

எல்லாருடைய கண்களும் ஒரே நேரத்தில் மாணிக்கவேலுவின் வலக்காதுக்குப் போயின. அவன் கை அதை மூடப் போனது. மூடியதே அவனுக்கு வினையாயிற்று. எழுந்து, எதுவும் நடக்காதவன் போலப் படகுத்துறைப் பக்கம் நடந்தான். வாசலில் நின்ற சிங்களக் கான்ஸ்டபிள் கைகளை அகல விரித்து வழியை அடைத்துக்கொண்டு, “கொஹேத யன்னே மாத்தயா?” என்றான். எங்கே போகிறீர் ஐயா என்று இவ்வளவு மரியாதையாக அந்த ஜெட்டியில் யாரும் யாரையும் கேட்டதில்லை.

பலநாள் திருடன் ஒருநாள் அகப்படுவான். இவன் அகப்பட்டது கருமித்தனத்தால். ஒரு பெண்ணுக்கு இருநூறு முந்நூறு என்று வாங்கியவனுக்கு, ஒரு தாலிக்குப் பத்து ரூபா செலவழிக்க மனம் வரவில்லை. கழற்றிய தாலியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து அடுத்தவள் கழுத்தில் கட்டினான். எந்த ஆண்பிள்ளை தாலியைக் கிட்டத்தில் உற்றுப் பார்க்கப்போகிறான் என்று நினைத்திருப்பான். அதுவும் சரிதான். ஆண்பிள்ளைகள் யாரும் பார்க்கவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள் வெள்ளைத்தாய். கண்ணீர் நின்றுவிட்டது. கண்ணாடி முன் போய்த் தாலியைத் தூக்கிப் பார்த்தாள். விளிம்பு வெட்டைப் பார்த்தாள். சிவப்பு மணியை நகத்தால் தட்டினாள். கண்ணாடி என்று அதுவே ‘டிக்’ என்று சொல்லிற்று.

“இது அந்தக்காவோடதா?”

“அவளோடதும் இல்லம்மா. அடகுல முங்கினது. எந்த மகராசியோடதோ!”

வெள்ளைத்தாய் இரண்டு கையாலும் கயிற்றைத் தலைவழியே கழற்றினாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மயிலம்மாவின் உள்ளங்கையில் அதை வைத்துவிட்டு, “எங்க ஐயாவுக்கு ஒரு காயிதம் போடணும்க்கா,” என்றாள். மயிலம்மா அவளை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். சோதனைக்காரிகள் பயணிகளைக் கட்டிப்பிடிக்கலாகாது என்று விதி இருந்தது. விதியை எழுதியவன் அங்கே இல்லை.

நான்கு மணிக்குக் கப்பல் ஊதிவிட்டுப் போயிற்று. அதில் இரண்டு இடம் காலி.

பிறகு நடந்ததெல்லாம் கடிதங்களின் வேலை. கொழும்பு சென்னைக்கு எழுதியது. சென்னை பினாங்குக்கு எழுதியது. பினாங்கில் அந்தப் பின்சுவர் வீட்டுக்குள் போலீஸ் நுழைந்தபோது இன்னும் நான்கு பெண்கள் இருந்தார்கள். சென்னைக்காரர்கள் திருநெல்வேலிச் சீமையில் கலியாணத் தரகன் ஒருவனை அவன் வீட்டுப் பரணிலிருந்து இறக்கினார்கள். நாகப்பட்டினத்தில் குடிபெயர்வு அதிகாரிகள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்க, மண்டபம் வழியே கொழும்புக்கு வந்து கப்பலேறும் தந்திரத்தை அவன்தான் கண்டுபிடித்தவனாம். மூன்று துறைமுகம், மூன்று சர்க்கார் அலுவலகம். முகம் பார்த்திராத மனிதர்கள் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளைத்தாயின் தகப்பன் வந்து மகளைக் கூட்டிப்போனான். போகும்போது மயிலம்மாவின் காலில் விழப்போனவனை அவள் அதட்டி நிறுத்தினாள்.

ஜெனீவாவுக்குப் போகும் வருஷ அறிக்கையில் கொழும்புக்கு ஒரு பத்தி கிடைத்தது. சிவானந்தன் அதை ஜெட்டிக்குக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினான். “‘துறைமுகப் பெண் ஊழியர் ஒருவரின் கூர்ந்த கவனிப்பினால்’ எண்டு கிடக்குது அக்கா. நீங்கள்தான்.”

“பேரு இல்லீங்களா?”

“பேர் போடுறேல்லையாம்.”

“போவுது. நான்தான்னு எனக்குத் தெரியும்ல?” என்று சொல்லி மயிலம்மா வில்லையைச் சேலைத் தலைப்பால் ஒரு துடை துடைத்தாள். அன்று கொட்டாஞ்சேனைக்கு டிராமில் போகாமல் ரிக்‌ஷாவில் போனாள் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். போகட்டும், ஒருநாள் போகக் கூடாதா?

அவளுக்கு அதைவிடப் பெருமை வேறொன்றில். இப்போது பெண்கள் பக்கத்தில், கண்ணாடிக்கு அருகே, ஓர் அறிவிப்புப் பலகை தொங்கிற்று. பினாங்கு, சிங்கப்பூர், சென்னை எங்கிருந்து அடையாளம் கேட்டு வந்தாலும் சிவானந்தன் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி அதில் குத்திவிட்டுப் போனான்.

அதே வருஷம் பங்குனி மாதம் பினாங்குக் கப்பல் வந்தது. இறங்கிவரும் பெண்களைச் சோதிக்க மயிலம்மா திரைக்குள் நின்றிருந்தாள். கப்பல் தாதி ஒருத்தி ஒரு பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உள்ளே விட்டுப் போனாள். மயிலம்மாவுக்கு வழக்கம்போல முகம் நினைவுக்கு வரவில்லை. பார்வை கீழே இறங்கியது. இடது காறை எலும்பின் கீழே தேள் ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டிருந்தது.

பெண் ஒரு கடிதத்தை நீட்டினாள். தமிழில் எழுதியிருந்தது. “கழுத்தைப் பார்த்த சகோதரிக்கு, பினாங்கு ஹப்ஸாவின் ஸலாம். நம் பிள்ளையை உங்கள் கையில் ஒப்படைக்கிறேன். ஊர் போகும் ரயிலில் நீங்களே ஏற்றிவிடுங்கள்.” மயிலம்மா எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தாள். இரண்டாம் முறை எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

“அஞ்சு நாளுன்னு சொன்னீகளேக்கா,” என்றாள் பேச்சாயி. குரலில் கோபம் இல்லை. “எட்டு மாசமாயிட்டு.”

“அன்னிக்கு நான் உன்னைக் கேக்காம விட்டுட்டேன் தாயி. விரலுக்குப் பட்டுச்சு. வாய் கேக்கல. என்னை மன்னிச்சுரு.”

பேச்சாயி இல்லையென்று தலையாட்டினாள். “கேட்டிருந்தாலும் புருசன்னுதானேக்கா சொல்லியிருப்பேன்? அந்தப் பிள்ளைகிட்டக் கேட்டீகள்ல. அது போதும்.”

மயிலம்மா அவளைச் சோதிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு திரையை விலக்கி வெளியே வந்தாள். பெண்கள் போகும் சிறு வாசலைத் தாண்டி, துரைமார் போகும் பெரிய வாசலுக்கே நேராக நடந்தாள். அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் கிளறன்ஸ் ஐயா. தீர்வைச் சாமான் பற்றி வருகிறவர்கள் எல்லாரிடமும் கேட்கும் சுங்கக் கேள்வியைக் குனிந்தபடியே, பழக்கதோஷத்தில் கேட்டார்.

“அறிவிக்கிறதுக்கு ஏதும் உண்டா?”

“உண்டுங்க ஐயா,” என்றாள் மயிலம்மா. ஜெட்டி முழுக்கக் கேட்டது. “ஆடியில நம்ம வழியாப் போன பேச்சாயி திரும்பி வந்திருக்கா. எழுதிக்கங்க.”

கிளறன்ஸ் ஐயா நிமிர்ந்து பார்த்தார். தேளைப் பார்த்தார். எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு உட்கார்ந்து, பேனாவை மையில் தோய்த்து, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார்.